பனமலை உமையும் என் அப்ரைசலும்

ஏப்ரல் வந்தா பொட்டி தட்டற மக்கள் எல்லாருக்கும் ஒரு காய்ச்சல் வரும். அப்ரைசல் காய்ச்சல். இந்த வருஷம் எனக்குக் கொஞ்சம் பலமாவே வந்துடுச்சு. அஞ்சுக்கு நாலு வரும்னு நம்பிக்கிட்டு இருந்தேன். மூணு போட்டுட்டாங்க. மூணுன்னா என்னன்னு இந்தத் தொழில்ல இல்லாத புண்ணியவான்களுக்குச் சொல்லிடறேன்: "ஏதோ இருக்கான், இருந்துட்டுப் போகட்டும்"னு அர்த்தம்.

நம்ம டேமேஜர் நல்ல மனுஷன்தான். "நீ நல்லா பண்றப்பா, ஆனா விசிபிலிட்டி பத்தலை"ன்னார். அதாவது ஆணி புடுங்கறது மட்டும் போதாது, புடுங்கற சத்தம் நாலு ரூமுக்குக் கேக்கணும். சரிங்கன்னு தலையாட்டிட்டு வெளிய வந்து ஒரு டீயைக் குடிச்சுட்டு சீட்டுல உக்காந்தேன். அன்னைக்கு முழுக்க ஒரு வரி கோடு எழுத முடியலை.

இந்த மார்க் போடற வித்தைக்கு ஒரு வரலாறு இருக்கு. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில ஜாக் வெல்ச் 1980கள்ல பிரபலப்படுத்தினது. மேல 20 சதவீதம், நடுவுல 70, கீழ 10ன்னு ஆளுங்களைப் பிரிச்சு, கீழ இருக்கற பத்தை வீட்டுக்கு அனுப்பறது. மைக்ரோசாஃப்ட்லயும் இது மாதிரி ஒண்ணு ரொம்ப நாள் இருந்து, 2013ல தூக்கிட்டாங்க. ஆனா நம்ம ஊர் ஐ.டி. பூங்காக்கள்ல அதோட பங்காளிங்க இன்னும் வேற வேற பேர்ல உயிரோடதான் இருக்காங்க. நடுவுல இருக்கற 70ல நானும் ஒருத்தன். இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்லைன்னு மூளைக்குத் தெரியுது. வயித்துக்குத் தெரியலை.

அந்த வார சனிக்கிழமை ஊருக்குப் போயிட்டேன். நமக்குத் திண்டிவனம் பக்கம். வீட்டுல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா அம்மா நோண்டி நோண்டிக் கேப்பாங்கன்னு, ஞாயித்துக்கிழமை காலைல அப்பாவோட பைக்கை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். எங்க போறதுன்னு எல்லாம் திட்டம் இல்லை. திருச்சி ரோட்டுல விக்கிரவாண்டி வரைக்கும் வந்தப்புறம்தான், ஸ்கூல் படிக்கும்போது ஒரு தடவை கூட்டிட்டுப் போன பனமலை ஞாபகம் வந்துச்சு. மேற்கால திரும்பிட்டேன்.

பனமலைன்னா பெரிய மலை எல்லாம் இல்லை. ஒரு பாறைக் குன்று, கீழ ஒரு ஏரி, குன்று மேல ஒரு கோயில். தாலகிரீஸ்வரர்னு சாமிக்குப் பேரு. தாலம்னா பனை, கிரின்னா மலை. நம்ம பனமலையையே வடமொழியில திருப்பிப் போட்டிருக்காங்க, அவ்வளவுதான். கட்டினவர் ராஜசிம்ம பல்லவன், அதாவது இரண்டாம் நரசிம்மவர்மன். ஏறத்தாழ 700ல இருந்து 728 வரைக்கும் ஆண்டவர். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலும் இவர் கட்டினதுதான். அந்த ரெண்டுக்கும் பஸ் பஸ்ஸா கூட்டம் போகுது. மூணாவதா இருக்கற இந்தப் பனமலைக்கு அன்னைக்கு நான் ஒருத்தன்தான்.

கோயில்ல ஒரு பெரியவர் இருந்தார். "படம் பாக்க வந்தியா நைனா?"ன்னார். ஆமாங்க தாத்தான்னேன். வடக்குப் பக்கம் ஒட்டினாப்புல ஒரு சின்ன சன்னதி. அதுக்குள்ள எட்டிப் பாத்தா, முதல்ல ஒண்ணும் தெரியாது. வெயில்ல இருந்து வந்த கண்ணு இருட்டுக்குப் பழக ரெண்டு நிமிஷம் ஆகும். அப்புறம் மெதுவா அந்தம்மா தெரிவாங்க.

உமையம்மை. கருங்கல் சுவர் மேல சுண்ணாம்புப் பூச்சு பூசி, அதுல வரைஞ்ச ஓவியம். 1300 வருஷம் ஆச்சு. நிறைய உதிர்ந்து போச்சு. இருந்தும் மகுடம் தெரியுது, மேல குடை தெரியுது, நகை தெரியுது. ஒரு காலை ஊனி, இன்னொரு காலை மடக்கி, தலையை ஒரு பக்கமா லேசா சாய்ச்சு நிக்கறாங்க. பக்கத்துல சிவன் ஆடற ஓவியம் இருந்திருக்கு. அதுல இப்ப ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சம். சிவனோட ஆட்டத்தைத்தான் இந்தம்மா பாத்துக்கிட்டு நிக்கறாங்க. ஆடினவர் அழிஞ்சு போயிட்டார், பாத்தவங்க மட்டும் நிக்கறாங்க.

அந்த முகத்தை எப்படிச் சொல்றது? சிரிப்புன்னு சொல்ல முடியாது. சிரிப்பு முடிஞ்சதும் முகத்துல கொஞ்ச நேரம் மிச்சம் இருக்குமே, அது. நான் அழகா இருக்கேனான்னு நம்மளைக் கேக்கற முகம் இல்லை. யாருக்கும் எதையும் நிரூபிக்கணும்கற அவசரம் இல்லாத முகம். திருவாலங்காட்டுக் கதை உங்களுக்குத் தெரியும். அங்க காளியும் சிவனும் போட்டி போட்டு ஆடறாங்க. சிவன் காலைத் தலைக்கு மேல தூக்க, காளி தோத்துப் போறாங்க. அது மார்க் போட்ட ஆட்டம். பனமலையில போட்டியே இல்லை. அவர் ஆடறார், இவங்க நிக்கறாங்க. அவர் நல்லா ஆடறதால இவங்களுக்கு ஒரு மார்க்கும் குறையலை.

நான் அங்கயே அந்தப் படியில உக்காந்துட்டேன். "எல்லாரும் போட்டோ புடிச்சுட்டுப் போயிடுவாங்க, நீ இன்னா உக்காந்துட்ட?"ன்னார் பெரியவர். சொல்லத் தெரியலை. அந்த முகத்தை எங்கயோ பாத்திருக்கேன்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. எங்கன்னு கடைசியில சொல்றேன்.

இப்ப இந்தப் பக்கத்து ராஜாக்கள் ரெண்டு பேரைப் பத்தி. ஏன்னா தன்னைப் பத்தித் தானே திருப்தியா இருக்கறதுல எத்தனை வகை இருக்குன்னு பல்லவங்களை வச்சே பாடம் நடத்தலாம்.

முதல் ஆள் ராஜசிம்மனேதான். காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போனவங்க, திருச்சுற்றுல வரிசையா இருக்கற குட்டிக் குட்டி சன்னதிகளைப் பாத்திருப்பீங்க. அதுல எல்லாம் இவரோட பட்டப்பேரை வெட்டி வச்சிருக்காங்க. 200க்கு மேல! அதையும் ஒரே எழுத்துல எழுதினா பத்தாதுன்னு வேற வேற எழுத்து வடிவத்துல திரும்பத் திரும்ப. ரணஜயன், போர்ல ஜெயிக்கறவன். வாத்யவித்யாதரன், வாத்தியம் வாசிக்கறதுல வித்யாதரன் மாதிரி. அத்யந்தகாமன், ஆசைக்கு எல்லையே இல்லாதவன். லிங்க்ட்இன் எல்லாம் இவர்கிட்ட பிச்சை வாங்கணும் :-) 

கிண்டல் பண்ணாலும் ஒண்ணு உண்மை. கைலாசநாதர் கோயில் மாதிரி ஒண்ணைக் கட்டினவருக்குத் தற்பெருமை பேச எல்லா உரிமையும் இருக்கு. எனக்கு வர்ற சந்தேகம் வேற. இவ்வளவு செஞ்ச மனுஷனுக்கு ஒரு பட்டம் போதலையே, ஏன்? நூறாவது பட்டத்தை வெட்டும்போது, தொண்ணூத்தொம்பதாவதுல வந்த சந்தோஷம் தீர்ந்து போயிருக்கணும்ல?

ரெண்டாவது ஆள் அவரோட முன்னோர், முதலாம் மகேந்திரவர்மன். அவர் காலம் ஏறத்தாழ 600ல இருந்து 630. இதே விழுப்புரம் பக்கத்துல, செஞ்சி போற வழியில மண்டகப்பட்டுல ஒரு குடைவரை இருக்கு. அதுல சின்னதா ஒரு கல்வெட்டு. செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம, பிரம்மா சிவன் விஷ்ணு மூணு பேருக்கும் விசித்திரசித்தன்கிற ராஜா இந்தக் கோயிலைச் செஞ்சான்னு அதோட சாரம். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஒரு எஞ்சினியர் எழுதின ரிலீஸ் நோட் மாதிரி இருக்கு. நான் பெரிய ஆளுன்னு சொல்லலை. இன்னின்ன பொருள் இல்லாம செஞ்சு காட்டிட்டேன்னு சொல்றார். சந்தோஷம் ஆளைப் பத்தி இல்லை, வேலையைப் பத்தி. (அதுக்காக இவர் ரொம்ப அடக்கமானவர்னு நினைச்சுடாதீங்க. சித்ரகாரப்புலி, மத்தவிலாசன்னு இவருக்கும் ஏகப்பட்ட பட்டம் உண்டு. மத்தவிலாசம்கற பேர்லயே ஒரு நகைச்சுவை நாடகமும் எழுதினவர். ஆனா மண்டகப்பட்டுல அவர் பேசற தொனி வேற.)

மூணாவது ஆள்தான் நான் சொல்ல வந்த ஆள். பனமலையில உமையை வரைஞ்சவர். பேர் தெரியாது. அந்தக் கோயில்ல கல்வெட்டு இல்லாம இல்லை. அடிப்பகுதியில ராஜாவோட வம்சத்தை அசுவத்தாமன்ல இருந்து ஆரம்பிச்சுச் சொல்ற வடமொழிக் கல்வெட்டு இருக்கு. ராஜாவோட கொள்ளுத் தாத்தாவுக்குக் கொள்ளுத் தாத்தாவுக்கு எல்லாம் இடம் இருந்திருக்கு. வரைஞ்சவருக்கு இல்லை.

"பாத்தீங்களா, பேர் கூட எழுதிக்கலை, எவ்வளவு அடக்கம்!"னு இங்க ஒரு கைதட்டல் வாங்கிடலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் அடக்கமா இருந்தாரா, இல்லை பேர் எழுத அவரை விடலையா, நமக்கு எப்படித் தெரியும்? சம்பளம் ஒழுங்கா வந்துச்சான்னு கூடத் தெரியாது. நமக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். அந்த மகுடத்துல, அந்தத் தலைச் சாய்ப்புல, எந்த இடத்துலயும் கை அவசரப்படலை. இருட்டு சன்னதிதானே, போதும்னு விட்டிருக்கலாம். விடலை. கடைசிக் கோட்டைப் போட்டுட்டு ரெண்டு எட்டு பின்னால வந்து பாத்திருப்பார் இல்லையா? எந்தக் கைவேலைக்காரனும் அதைச் செய்யாம இருக்க மாட்டான். நான் சொல்ற திருப்தி அந்த ரெண்டு எட்டுலதான் இருக்கு. பட்டம் அதுக்கப்புறம் வர்றது. வராமலும் போகலாம்.

இப்ப என் கதைக்கு வர்றேன்.

எங்க கிளையண்ட் அமெரிக்காவுல கிழக்குக் கடற்கரையில இருக்கற ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. அங்க வருஷத்துக்கு ரெண்டு தடவை கடிகாரத்தை மாத்துவாங்க. நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை ராத்திரி 2 மணி ஆனதும், முள்ளைத் திருப்பி 1 மணிக்கு வச்சுடுவாங்க. ஆக அன்னைக்கு மட்டும் ஒண்ணரை மணி ரெண்டு தடவை வரும். எங்க பழைய புரோகிராம் உள்ளூர் நேரத்தை நம்பி ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணரை மணிக்கு ஓட வேண்டிய ஜாப் ரெண்டு தடவை ஓடும். ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை செட்டில்மெண்ட் எழுதிடும். நம்ம ஊர்ல அப்ப காலைல பத்தரையில இருந்து பன்னெண்டரை. பிரியாணி வேகற நேரம். டீம்ல இருக்கற எல்லாரையும் போன் போட்டு இழுத்து, ராத்திரி வரைக்கும் ஒவ்வொரு ரெக்கார்டா பாத்து அழிக்கணும். நான் சேந்ததுல இருந்து ரெண்டு நவம்பர் அப்படித்தான் போச்சு. ஒரு தடவை ஒரு பையன் தன் அக்கா நிச்சயதார்த்தத்துல இருந்து எழுந்து வந்து லேப்டாப்பைத் திறந்தான்.

போன வருஷம் ஜூலைல, யாரும் சொல்லாம நானே உக்காந்து அதைச் சரி பண்ணேன். நேரத்தை எல்லாம் யூடிசிக்கு மாத்தி, ஒரே செட்டில்மெண்ட் ரெண்டாவது தடவை வந்தா உள்ளயே விடாத மாதிரி ஒரு பூட்டும் போட்டேன். பெரிய கண்டுபிடிப்பு எல்லாம் இல்லை. பொறுமை வேணும், அவ்வளவுதான். மூணு மாசம், மத்த வேலைக்கு நடுவுல.

நவம்பர் அந்த ஞாயித்துக்கிழமை ஊர்லதான் இருந்தேன். பத்தரைக்கு லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு கூடத்துல உக்காந்தேன். முதல் ஒண்ணரை வந்துச்சு, போச்சு. முள்ளு திரும்புச்சு. ரெண்டாவது ஒண்ணரை வந்துச்சு. லாக் ஒரு வரி எழுதிட்டு நகர்ந்து போயிடுச்சு. ஒண்ணும் நடக்கலை. போன் அடிக்கலை. எட்டு வீட்டுல எட்டு பேர் நிம்மதியா பிரியாணி தின்னாங்க. அதுல ஆறு பேருக்கு அன்னைக்கு என்ன நாள்னே ஞாபகம் இல்லை.

அம்மா தண்ணி கொண்டு வந்தவங்க நின்னு பாத்துட்டு, "என்னடா தனியா சிரிக்கற?"ன்னாங்க. சிரிக்கலைம்மான்னேன். "சிரிக்கலைதான், ஆனா சிரிச்சா மாதிரி இருக்க"ன்னாங்க.

அப்ரைசல் ஃபாரத்துல "உங்கள் சாதனை"ன்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல என்னத்தை எழுதறது? "நவம்பர்ல ஒண்ணும் நடக்கலை"ன்னா? எழுதினேன். மூணு வந்துச்சு.

இதுல என்னை உறுத்தின கேள்வி இதுதான். நவம்பர்ல எனக்கு அந்த நிறைவு இருந்துச்சு. ஏப்ரல்ல இல்லை. நடுவுல என்ன மாறுச்சு? புரோகிராம் அதேதான். பூட்டு அதே பூட்டு. நான் அதே ஆள். ஒரு நம்பர் வந்துச்சு, அது பின்னால போய் நவம்பரையும் சேத்து அழிச்சுடுச்சு. அதை அழிக்க விட்டது நான்தான்.

நான் பனமலைப் படியில உக்காந்து புரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதான். நம்மகிட்ட ரெண்டு கணக்கு இருக்கு. ஒண்ணு ஊரோட வச்சுக்கற கணக்கு: சம்பளம், பதவி, பாராட்டு. இன்னொண்ணு வேலையோட வச்சுக்கற கணக்கு: செஞ்சது சரியா, இல்லையா. திருப்தி ரெண்டாவது நோட்டுல இருக்கற வரவு. முதல் நோட்டுல பற்று விழுந்தா, இதுல இருந்து எடுத்து அதைச் சரிக்கட்டக் கூடாது.

உடனே ரெண்டு பேர் சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும்.

முதல் ஆள்: "திருப்தி வந்துட்டா வளர்ச்சி நின்னுடும்யா". எனக்கு அப்படித் தெரியலை. திருப்தியே படாதவன்தான் வேலையை அரைகுறையா விட்டுட்டு அடுத்த பட்டத்துக்கு ஓடறான். செஞ்சது நல்லா இருக்குன்னு ஒரு தடவை உள்ளுக்குள்ள ருசி பாத்தவன், அடுத்ததும் அப்படி இருக்கணும்னு பிடிவாதம் பிடிப்பான். ஆனா ஒரு எச்சரிக்கை உண்டு. ரெண்டாவது நோட்டை நாமே எழுதறோம், அதனால ஏமாத்திக்கறது சுலபம். "எவனுக்கும் என் அருமை தெரியலை"ன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் வேலையைச் சரியா செஞ்சே இருக்க மாட்டாங்க. நானும் பல நாள் அந்தப் பாதியில இருந்திருக்கேன். மனசு நல்லா இருக்குங்கறது சாட்சி ஆகாது. லாக்ல ரெண்டாவது செட்டில்மெண்ட் விழலைங்கறதுதான் சாட்சி.

ரெண்டாவது ஆளோட சண்டை இன்னும் நியாயமானது: "கூலி கேக்கறவன்கிட்ட திருப்தியா இருன்னு சொல்றதுக்கு ஒரு ஓவியத்தை வேற துணைக்குக் கூட்டிட்டு வந்துட்டியா?" இதுக்கு என்கிட்ட பதில் எங்க அப்பாதான்.

அப்பா அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். டூட்டி முடிஞ்சு டிப்போவுல காசு கட்டிட்டுத்தான் வருவார். கட்ட வேண்டிய பணமும் பையில இருக்கற பணமும் சில்லறை வரைக்கும் சரியா இருந்த அன்னைக்கு, வீட்டுக்குள்ள நுழையும்போதே தெரிஞ்சுடும். ஒண்ணும் பேச மாட்டார். வாட்சைக் கழட்டி அலமாரியில வைக்கறதுலயே ஒரு நிதானம் இருக்கும். 30 வருஷத்துல அதுக்காக அவருக்கு யாரும் கைதட்டினது இல்லை. அதே அப்பா, சம்பளத்துக்காக ஸ்ட்ரைக் நடந்தப்ப எல்லாம் முதல் வரிசையில நின்னார். ஒரு தடவை நான் கேட்டேன், "உங்களுக்குத்தான் வேலையில திருப்தியாச்சே, அப்புறம் எதுக்குப்பா ஸ்ட்ரைக்?" அவர் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, "திருப்தி என்னுது. கூலி அவன் குடுக்க வேண்டியது. ரெண்டையும் ஏண்டா கொழப்பற?"ன்னார்.

ரெண்டு நோட்டுன்னு நான் எஞ்சினியரிங் படிச்சுட்டு மலையேறிப் போய்க் கண்டுபிடிச்சதை, அவர் வாசப்படியில செருப்பைக் கழட்டிக்கிட்டே சொல்லிட்டார். கூலி கேக்கறவனைப் பாத்து "போதும்னு இரு"ன்னு சொல்றவன் ரெண்டு நோட்டையும் வேணும்னே ஒண்ணாக்கறான். அதுல லாபம் அவனுக்கு. கூலி வரலைன்னதும் என் வேலையே மோசம்னு நினைச்சுக்கற என்னை மாதிரி ஆளும் ரெண்டையும் ஒண்ணாக்கறான். அதுல நஷ்டம் எனக்கு.

அந்த முகத்தை எங்க பாத்தேன்னு இப்பத் தெரிஞ்சிருக்கும். வாட்சைக் கழட்டி வைக்கற அப்பா முகம். அம்மா சொன்னதை வச்சுப் பாத்தா, ஒரு நவம்பர் ஞாயித்துக்கிழமை என் முகமும் கொஞ்சம் அப்படி இருந்திருக்கும். உமையம்மைக்கு 1300 வருஷமா இருக்கு, எனக்கு ஒரு பத்து நிமிஷம் இருந்திருக்கலாம். பரவாயில்லை.

திங்கக்கிழமை ஆபீஸ் போனதும் டேமேஜருக்கு ஒரு மெயில் போட்டேன். முந்தின ரெண்டு நவம்பர்ல எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உக்காந்தோம், போன நவம்பர்ல எத்தனைன்னு கணக்குப் போட்டு, என் ரேட்டிங்கை மறுபடி பாருங்கன்னு கேட்டிருக்கேன். இன்னும் பதில் வரலை. வந்தா சந்தோஷம், வரலைன்னா அடுத்த வாரம் நேர்ல போய்க் கேப்பேன். அது முதல் நோட்டு சமாச்சாரம்.

ரெண்டாவது நோட்டுல நவம்பரை மறுபடி வரவு வச்சுட்டேன். இனிமே அதுல யார் கையும் படாது.

டிஸ்கி: விழுப்புரம் பக்கம் போறவங்க பனமலையை விட்டுடாதீங்க. சன்னதிக்குள்ள எட்டிப் பாத்துட்டு ஒண்ணும் இல்லையேன்னு உடனே திரும்பிடாதீங்க. கண்ணு பழகற வரைக்கும் ரெண்டு நிமிஷம் நின்னு பாருங்க.